தாய்லாந்தில் நண்பர்களோடு முதுகுப்பைப் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாய்லாந்துக்குக் கிளம்பும் நண்பர் குழுக்கள் செய்கிற முதல் தவறு, விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. படங்களில் எல்லாத் தீவுகளும் ஒரே நீலத்தில் தெரிவதால், அவை ஒரே கடலில் அருகருகே கிடப்பதாக எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் தெற்குத் தாய்லாந்து ஓர் ஒடுங்கிய நிலப்பட்டை. அதன் மேற்கே அந்தமான் கடலும் கிழக்கே தாய்லாந்து வளைகுடாவும் இருக்கின்றன. புக்கெட், பீ பீ, லந்தா, சிமிலான் ஆகியவை மேற்குக் கடலில் உள்ளவை. சாமுய், பங்கான், தாவ் ஆகியவை கிழக்கில் உள்ளவை. இரு கரைகளுக்கும் மழைக்காலம் வேறு. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரையில் மழையைக் கொட்டுகிறது. கிழக்கே சாமுய் பக்கத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் அடைமழை. ஐப்பசி, கார்த்திகையில் சென்னையையும் நாகப்பட்டினத்தையும் நனைக்கும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் அங்கேயும் பெய்விக்கிறது என்று நினைவில் வைத்துக்கொண்டால் தமிழருக்கு இது மறக்காது. ஆகவே ஜூன், ஜூலையில் போகிறவர்கள் கிழக்குத் தீவுகளையும், டிசம்பர் கடைசியில் போகிறவர்கள் மேற்குத் தீவுகளையும் தேர்ந்தெடுப்பது நல்லது.

இதைப் பாராமல் ஆகஸ்டில் பீ பீ தீவுக்குப் போகிறவர்கள் வெறும் மழையை மட்டும் சந்திப்பதில்லை. சிமிலான் தேசியப் பூங்கா மே நடுப்பகுதியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை மூடப்பட்டிருக்கும். பீ பீ தீவுகளில் உள்ள புகழ்பெற்ற மாயா விரிகுடா, பவளப்பாறைகள் மீள்வதற்காக 2018 ஜூனில் மூடப்பட்டு 2022 ஜனவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அதன் பிறகும் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் அதை மூடுகிறார்கள். அந்தப் பருவத்தில் புக்கெட்டின் மேற்குக் கடற்கரைகளில் சிவப்புக் கொடி பறந்தால், அலை சிறியதாகத் தெரிந்தாலும் இறங்கக் கூடாது. ஆளை உள்ளே இழுத்துப்போகும் நீரோட்டம் கரையிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு எளிதில் தெரியாது. கடல் கொந்தளிப்பாக இருக்கும்போது "பணம் கட்டியாயிற்றே" என்பதற்காகப் படகு ஏறுவதும் இதே வகைத் தவறுதான். 2018 ஜூலை 5 அன்று புக்கெட் அருகே புயற்காற்றில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 47 பேர் இறந்தார்கள்.

அடுத்தது, பத்து நாளில் இரண்டு கரைகளையும், பாங்காக்கையும், சியாங் மாயையும் அடைத்துவிடும் பட்டியல். ஆறு பேர் கொண்ட குழுவில் ஆளுக்கோர் ஆசை இருப்பதால், யாரையும் மனம் நோகச் செய்யாமல் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்வதில் இந்தப் பட்டியல் உருவாகிறது. தாவ் தீவிலிருந்து பீ பீ தீவுக்குப் போக வேண்டுமானால் படகில் பெருநிலத்துக்கு வந்து, பேருந்தில் நிலப்பட்டையைக் குறுக்கே கடந்து, மறுபடியும் படகேற வேண்டும்; ஒரு முழுப் பகல் அதிலேயே போய்விடும். சியாங் மாய் பாங்காக்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 700 கிலோமீட்டர். என் கணக்கில், பத்து நாளுக்குப் பாங்காக்கும் ஒரு கரையில் இரண்டு தீவுகளும் போதும். சியாங் மாய் வேண்டும் என்றால் ஒரு தீவை விட்டுவிட வேண்டும். எதை விடுவது என்ற சண்டையை வீட்டிலிருந்தே போட்டு முடித்துக்கொள்வது மலிவு.

பாங்காக்கிலிருந்து கிழக்குத் தீவுகளுக்குப் போகச் சிறந்த வழி சும்போன் வரை இரவு ரயிலும் அங்கிருந்து படகும் என்பது என் கருத்து. ஆனால் நெடுந்தூர ரயில்களில் பெரும்பாலானவை 2023 ஜனவரி முதல் பழைய ஹுவா லம்போங் நிலையத்திலிருந்து புறப்படுவதில்லை. குருங் தேப் அபிவத் என்னும் புதிய முனையத்திலிருந்து புறப்படுகின்றன. பழைய குறிப்புகளை நம்பிப் போகிறவர்கள் இன்றும் ரயிலைத் தவறவிடுகிறார்கள். படுக்கை வசதிப் பெட்டிகள் விரைவில் நிறைந்துவிடும் என்பதால், "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்பது ஒருவருக்குச் சரிப்படலாம், ஆறு பேருக்குச் சரிப்படாது.

நாங்கள் சும்போனில் இறங்கியபோது இன்னும் விடியவில்லை. படித்துறைக்குக் கொண்டுவிட்ட பேருந்தில் தூங்கி வழிந்தபடி வந்து சேர்ந்தோம். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் ஒவ்வொருவர் சட்டையிலும் ஒரு வண்ண ஒட்டுச்சீட்டை ஒட்டி, பைக்கும் ஒன்று கொடுத்தார். ஒரே படகு தாவ், பங்கான், சாமுய் என்று வரிசையாக நின்று போகும். எந்தப் பை எந்தத் தீவில் இறங்க வேண்டும் என்பதை அந்தச் சீட்டின் நிறம்தான் சொல்லும். எங்களில் ஒருவர் தம் பைக்கான சீட்டைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார். தாவ் தீவில் நாங்கள் இறங்கியபோது, அவருடைய பை சாமுய்க்குரிய குவியலின் அடியில் கிடந்தது. படகு கட்டை அவிழ்ப்பதற்குள் அதைத் தேடி இழுத்தெடுத்தோம். இன்னொருவர் சக்கரம் வைத்த பெரிய பெட்டி கொண்டுவந்திருந்தார். சிறிய கடற்கரைகளில் நீள்வால் படகுகள் முழங்கால் அளவு நீரிலேயே ஆளை இறக்கிவிடும். அந்தப் பெட்டியை இருவர் பல்லக்குப் போலத் தூக்கிக்கொண்டு மணலில் நடந்தோம். 40 லிட்டர் முதுகுப்பை ஒன்றும், பாஸ்போர்ட்டையும் கைப்பேசியையும் போட்டுவைக்க நீர்புகாப் பை ஒன்றும் போதும். சலவைக்குக் கிலோக் கணக்கில் துணி வாங்கிக்கொள்ளும் கடைகள் எல்லாத் தீவிலும் உண்டு.

திரும்பும் நாளில்தான் பலர் இடறுகிறார்கள். காலையில் தீவிலிருந்து படகு, மாலையில் பாங்காக்கிலிருந்து விமானம் என்ற திட்டம் காகிதத்தில் அழகாக இருக்கும். காற்று எழும்பிப் படகு நின்றுவிட்டால் விமானத்துக்கு யாரும் பொறுப்பேற்கமாட்டார்கள். கடைசி இரவைப் பாங்காக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே சுவர்ணபூமி, தோன் முவாங் என்று இரண்டு விமான நிலையங்கள் இருப்பதையும், நகர நெரிசலில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகக்கூடும் என்பதையும் டிக்கெட் எடுக்கும்போதே பாருங்கள். தாவ் தீவில் ஆழ்கடல் முக்குளிப்புப் பயிற்சி எடுப்பவர்கள், கடைசி முறை முக்குளித்த பிறகு குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வெளியேற அவ்வளவு நேரம் வேண்டும்.

ஆவண விஷயத்தில் குழுவின் பலவீனம் வெளிப்படையாகத் தெரியும்: எல்லாவற்றையும் வேறொருவர் பார்த்திருப்பார் என்று ஒவ்வொருவரும் நம்புகிறார்கள். 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டவர் ஒவ்வொருவரும் வருகைக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அது இலவசம், கட்டணம் கேட்கும் தளம் குடியேற்றத் துறையுடையது அல்ல. ஒருவரே எல்லோருக்கும் நிரப்பினால், பாஸ்போர்ட் எண்களை அவரவரே ஒருமுறை சரிபார்க்க வேண்டும். இந்தியர்களுக்கு 2024 ஜூலையில் 60 நாள் விசா விலக்கு அறிவிக்கப்பட்டது. இத்தகைய சலுகைகளின் விதிகள் மாறிக்கொண்டிருப்பவை என்பதால் புறப்படும் மாதத்தில் தூதரகத் தளத்தைப் பார்த்துவிடுங்கள். அனுமதித்த நாளுக்கு மேல் தங்கினால் நாளொன்றுக்கு 500 பாட் அபராதம்.

பணத்தைப் பொறுத்தவரை, ஏடிஎம்மில் ஆயிரம் ஆயிரமாக எடுப்பது வீண். வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட் அல்லது அதற்கு மேல் பிடித்துக்கொள்கிறார்கள்; நம் வங்கியின் கட்டணம் தனி. திரையில் "ரூபாயில் மாற்றித் தரட்டுமா" என்று இயந்திரம் கேட்கும்போது வேண்டாம் என்றே அழுத்த வேண்டும், ஏனென்றால் அந்த மாற்று விகிதம் நமக்குப் பாதகமானது. பொதுச் செலவுக்கு ஒரே பணப்பை வைத்து, தினமும் காலையில் ஆளுக்குச் சம தொகை போட்டு, அறை வாடகையையும் வண்டியையும் படகையும் அதிலிருந்தே கொடுத்தோம். சாப்பாட்டையும் குடியையும் அதில் சேர்த்தது எங்கள் பிழை. குடிக்காதவர் மூன்றாம் நாள் முகம் சுளித்தார். அவர் பக்கம்தான் நியாயம்.

ஸ்கூட்டரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தாய்லாந்தில் ஒரு விடுமுறை உண்மையில் கெட்டுப்போவது பெரும்பாலும் அதனால்தான். நம்மைப் போலவே அவர்களும் சாலையின் இடப்பக்கம் ஓட்டுவதாலும், வாடகைக் கடைக்காரர் உரிமம் கேட்காமலேயே சாவியைத் தருவதாலும், நமக்கு ஒரு பொய்யான தைரியம் வந்துவிடுகிறது. கடைக்காரர் கேட்காதது சட்டம் கேட்காதது ஆகிவிடாது. இந்தியாவில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் தரும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வேண்டும். அதில் இருசக்கர வாகனப் பிரிவு குறிக்கப்பட்டிருக்க வேண்டும். கார் உரிமம் மட்டும் உள்ளவர் விழுந்து காலை முறித்துக்கொண்டால், பயணக் காப்பீட்டு நிறுவனம் "உரிமமின்றி ஓட்டினீர்கள்" என்ற ஒற்றை வரியில் கோரிக்கையை நிராகரிக்க முடியும். தீவுகளின் தனியார் மருத்துவமனைக் கட்டணத்தை அப்போது நண்பர்கள் பங்கு போட்டுக் கட்ட வேண்டியிருக்கும். பங்கான் தீவின் சாலைகள் செங்குத்தாக ஏறி இறங்குபவை. ஓரங்களில் மணல் படிந்திருக்கும். பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு அங்கே ஓட்டப் பழகுவது வேண்டாத வேலை.

வண்டியை எடுக்கும்போது பாஸ்போர்ட்டை அடகாகக் கொடுக்காதீர்கள். நகலும் ரொக்க முன்பணமும் ஏற்கும் கடை பக்கத்துத் தெருவிலேயே கிடைக்கும். முன் சக்கரத்து மட்கார்டு, இருபக்கக் கண்ணாடி, பிரேக் பிடிகளின் முனை, கால் வைக்கும் பலகையின் அடிப்பக்கம் ஆகியவற்றைக் கடைக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கைப்பேசியில் காணொளியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இருந்த கீறலுக்கு நம்மிடம் பணம் கேட்பது அங்கே பழைய தந்திரம். அரைக்கால் சட்டையோடு வலப்பக்கம் இறங்குபவருக்குப் புகைக்குழாய் கெண்டைக்காலில் சுடும். அந்த வட்டத் தழும்பைக் கேலியாக "தாய் டாட்டூ" என்பார்கள். தலைக்கவசம் பின்னால் அமர்பவருக்கும் கட்டாயம்.

சட்டத்தில் மூன்று விஷயங்களில் விளையாட்டு கூடாது. மின்சிகரெட் தாய்லாந்தில் 2014 முதல் தடை செய்யப்பட்டது. கடைத்தெருவில் விற்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். கஞ்சாவை 2022 ஜூனில் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியவர்கள், 2025 ஜூனில் மருத்துவச் சீட்டு வேண்டும் என்று இறுக்கிவிட்டார்கள். நண்பருக்காக ஒரு பொட்டலம் சென்னைக்குக் கொண்டுவருவது இந்தியச் சட்டப்படி சிறைக்குரிய குற்றம். மூன்றாவது, அரச குடும்பம். அவர்களை இழிவுபடுத்துவதற்குக் குற்றவியல் சட்டத்தின் 112ஆம் பிரிவு ஒரு குற்றத்துக்கு 3 முதல் 15 ஆண்டுகள் வரை தண்டனை விதிக்கிறது. பாட் நோட்டிலும் மன்னர் படம் இருப்பதால், பறக்கும் நோட்டைக் காலால் மிதித்துப் பிடிப்பதைக்கூடத் தவிர்ப்பது நல்லது. காலை எட்டுக்கும் மாலை ஆறுக்கும் பொது இடங்களில் தேசிய கீதம் ஒலிக்கும்போது எல்லோரும் நின்றுவிடுவார்கள். நாமும் நிற்க வேண்டும். கோயில்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பதையும், புத்தர் சிலையை நோக்கிக் காலை நீட்டக் கூடாது என்பதையும் நம்மவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பாங்காக்கின் பழைய ஏமாற்று இன்றும் ஓய்ந்தபாடில்லை. பெரிய அரண்மனைக்குப் போகும் வழியில் நன்றாக உடுத்திய ஒருவர் வந்து, இன்று பௌத்த விழா, அரண்மனை மூடியிருக்கிறது, இருபது பாட்டுக்கு டுக் டுக் என்னும் ஆட்டோவில் வேறு கோயில்களைக் காட்டுகிறேன் என்பார். வண்டி கடைசியில் ரத்தினக் கடையிலோ தையல் கடையிலோ போய் நிற்கும். அவருக்குப் பதில் சொல்லாமல் வாயில் வரை நடந்து பாருங்கள். சுற்றுலாக் காவல் துறையின் எண் 1155.

சைவர்களுக்கு ஒரு சொல்: வெஜிடேரியன் என்று ஆங்கிலத்தில் சொன்னால் கோழி மட்டும் விலகும், மீன்சாறு அப்படியே இருக்கும். "ஜே" என்று சொல்லுங்கள்; அது மீன்சாறு, முட்டை, பால் எதுவும் இல்லாத உணவு. ஆனால் அதில் வெங்காயமும் பூண்டும்கூட இராது. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து பறக்கும் கடைகளில் அது கிடைக்கும்.

ஏப்ரல் 13 முதல் 15 வரை தாய்லாந்தின் புத்தாண்டான சொங்க்ரான். நம் சித்திரைப் பிறப்பும் அதுவும் சூரியன் மேட ராசிக்குள் நுழையும் ஒரே கணக்கிலிருந்து வருபவை. ஊரே நீர் ஊற்றி விளையாடும். ஆனால் அந்த வாரத்தில் தாய்லாந்து மக்களே சொந்த ஊருக்குத் திரும்புவதால் ரயிலும் பேருந்தும் நம் பொங்கல் நாட்களைப் போல நிறைந்துவிடும். பங்கான் தீவின் ஹாட் ரின் கரையில் நடக்கும் பௌர்ணமிக் கொண்டாட்டமும் எப்போதும் பௌர்ணமியன்றே நடக்காது. நம் மாசி மகத்தையும் வைகாசி விசாகத்தையும் ஒட்டி வரும் மாக பூஜை, விசாக பூஜை என்னும் பௌத்தப் புனித நாட்களில் அதை வேறு நாளுக்குத் தள்ளிவைப்பார்கள். தேதியைப் பார்க்காமல் அறை பதிவு செய்தவர்கள் மதுக்கடை மூடிய கரையில் நிலவை மட்டும் பார்த்துத் திரும்பியதுண்டு.

அந்தக் கூட்டத்தில் பிரிந்துபோனால் எங்கே கூடுவது என்பதையும் முன்பே பேசிவைக்க வேண்டும், நள்ளிரவுக்குப் பின் எல்லோருடைய கைப்பேசியும் உயிரோடு இராது. நாங்கள் பேசிவைத்தோம்: "செவன் இலெவன் வாசல்." சில நிமிட நடைக்குள் அந்தப் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட கடைகள் இருந்தன. மூன்று பேர் ஒரு வாசலிலும் இரண்டு பேர் இன்னொரு வாசலிலும் விடியும்வரை ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆறாமவர் அறைக்குப் போய்த் தூங்கிவிட்டிருந்தார்.