வாளையைக் கரையேற்றித் திரும்ப விட, எதை முதலில் வாங்குவது?

பவானி கூடுதுறைக்கு மேலும் கீழும் தூண்டில் போடுகிற பையன்கள் இப்போது நிறைய. ராடு, ரீல், லூர் (போலி இரை) என்று ஆயிரக்கணக்கில் செலவு செய்திருக்கிறார்கள். பத்துக் கிலோ வாளை மாட்டினால் அதைத் தூக்க என்ன இருக்கிறது என்று பார்த்தால், ஒரு காய்ந்த கோணிச்சாக்கு. சமைக்கக் கொண்டு போகிறவருக்கு அது போதும். திரும்ப விடப் போகிறவர் அந்தச் சாக்கை முதலில் தூக்கிப் போட வேண்டும்.

நான் வண்டிச் சீட்டு தைக்கிறவன். வாளைக்காகவே ஆற்றுக்குப் போகிறேன், பிடித்ததை விட்டுவிடுகிறேன். "ஏனுங் தம்பி, இத்தனை பாடுபட்டுப் புடிச்சுப்போட்டு மறுக்கா ஆத்துலயே உடறீங்களே?" என்று பரிசல்காரர் ஒருவர் கேட்டார். வாளை அழியும் ஆபத்துக்கு ஆளாகக்கூடிய இனம் என்று உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயூசிஎன் பட்டியலிட்டிருக்கிறது. பெரிய பெட்டைதான் அதிகம் முட்டையிடும். அதனால் நான் சொல்வது இதுதான்: கையில் இருக்கிற பணத்தில் மீன் கரைக்கு வந்த பிறகு வேண்டியவற்றை முதலில் வாங்குங்கள். மிச்சத்தில் ராடு வாங்கிக்கொள்ளலாம்.

முதலில் வலை. முடிச்சுப் போட்ட நைலான் வலை வேண்டவே வேண்டாம். வாளைக்குச் செதில் கிடையாது, மேலே இருக்கிற வழவழப்புதான் அதற்குக் காப்பு. முடிச்சு உரசினால் அது வழிந்துபோகும், துடுப்பும் கிழியும், அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். முடிச்சில்லாத, ரப்பர் பூசிய வலையாகப் பாருங்கள். தூண்டில் முள்ளும் அதில் அவ்வளவாகச் சிக்காது, எடுக்கிற நேரம் மிச்சம். வாய் அகலம் இரண்டரை அடிக்குக் குறையக் கூடாது. அடி தட்டையாக இருக்கட்டும்; கூம்பு மாதிரி இருந்தால் நீள மீன் மடங்கிப் போகும். கைப்பிடி 5, 6 அடி வேண்டும். நெருஞ்சிப்பேட்டை கதவணைப் பக்கம் பாறை மேல் நின்று குட்டைக் கைப்பிடியோடு எட்டிப் பார்த்தவருக்கு இது புரியும்.

வலையை மீன் மேல் வீசக் கூடாது. முன்கூட்டியே தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்து, மீனைத் தலைப்பக்கமாக அதற்குள் இழுத்துவர வேண்டும். உள்ளே வந்ததும் கைப்பிடியைப் பிடித்துத் தூக்காதீர்கள், வளைந்துவிடும். இரண்டு கையாலும் வளையத்தைப் பிடித்துத் தூக்குங்கள். முள்ளைக் கழற்ற எல்லாம் தயாராகும்வரை மீன் வலையோடு தண்ணீரிலேயே கிடக்கட்டும்.

அப்புறம் கரையில் மீனைக் கிடத்துகிற விரிப்பு. கடையில் விற்பது நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எந்தச் சீட்டுக் கடையிலும் இதைத் தைத்துக்கொள்ளலாம். 4 அடி நீளம், 2 அடி அகலம், உள்ளே 1 அங்குலக் கனத்துக்குத் தண்ணீர் குடிக்காத ஈவிஏ ஃபோம் ஷீட். சாதாரண சீட்டு ஃபோம் போடச் சொல்லாதீர்கள். தண்ணீர் குடித்துக் கனக்கும், இரண்டே வாரத்தில் நாறும். மேலே ரெக்சின், வழவழப்பான பக்கம் மீனுக்கு. தையல் முழுவதும் அடிப்பக்கம் வர வேண்டும், ஜிப்பும் பீடிங்கும் மேல் பக்கம் இருக்கவே கூடாது. நான்கு ஓரத்திலும் 4 அங்குல உயரத்துக்குச் சுவர் வைத்தால் மீன் துள்ளி வெளியே விழாது. கறுப்பு ரெக்சின் சித்திரை வெயிலில் தோசைக்கல் ஆகிவிடும், வெளிர் நிறம் எடுங்கள். மீனை வைக்கும் முன் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள். கையையும் நனையுங்கள்.

முள் விஷயத்தில் நீண்ட மூக்குக் குறடு ஒன்று, கனத்த கட்டிங் பிளேயர் ஒன்று, இரண்டும் வேண்டும். வாளையின் வாய் கண்ணையும் தாண்டிப் பின்னால் போகும், உள்ளே சின்னச் சின்னப் பற்கள் வரிசை வரிசையாக உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். கைவிரலை விட்டுவிட்டு எடுக்கிற இடமில்லை அது. குறட்டால் வராத முள்ளைக் கட்டிங் பிளேயரால் துண்டித்துவிடுங்கள், முள்தானே போகிறது. இரைத் தூண்டிலுக்கு வட்ட முள் போட்டால் பெரும்பாலும் வாயோரத்தில்தான் குத்தும். வீட்டிலேயே குறடால் முள்ளின் கொண்டியை அமுக்கிவிடுங்கள். லூரில் மூன்று கொக்கி சேர்ந்த முள் இருந்தால் கழற்றிவிட்டு ஒற்றை முள் மாட்டுங்கள். தொண்டைக்குள் விழுங்கிவிட்டால் தோண்டாமல் தூண்டில் நரம்பை முள்ளுக்குக் கிட்டே வெட்டிவிடுங்கள். துருப்பிடிக்கிற முள்தான் நாளடைவில் கரையும்; அதனால் ஸ்டெயின்லெஸ் முள் வாங்காதீர்கள்.

நரம்பு கனமானதாக இருக்கட்டும். மெல்லிய நரம்பில் அரைமணி நேரம் விளையாடி ஜெயிப்பது நமக்குப் பெருமை, மீனுக்குச் சாவு. பின்னல் நரம்பான பிரெய்டு 40, 50 பவுண்டு இழுவை தாங்குவது, அதன் முன்னால் முள்ளோடு கட்ட, பல் உராய்வைத் தாங்குகிற தடித்த நரம்புத் துண்டு (லீடர்). சீக்கிரம் கொண்டுவந்து சீக்கிரம் விடலாம். கோடையில் சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, அப்போது இது இன்னும் முக்கியம். அந்த மாதங்களில் விடியற்காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

வாயைக் கவ்வுகிற கிரிப்பரில் பெரிய மீனைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு எடை பார்க்கிறார்கள். தாடையும் முதுகெலும்பும் மொத்தக் கனத்தையும் தாங்க வேண்டியிருக்கிறது. பார்க்கவே சகிக்கவில்லை. எடை தெரிய வேண்டுமென்றால் துணித் தொட்டிலில் படுக்கவைத்துத் தூக்குங்கள், இல்லையேல் நீளம் மட்டும் அளந்துகொள்ளுங்கள். படம் எடுக்கும்போது ஒரு கை வாலடியில், மறு கை வயிற்றுக்குக் கீழ், செவுளுக்குள் விரல் போகக் கூடாது. தூக்கும்போது நீங்களும் மூச்சை அடக்குங்கள். உங்களுக்கு முட்டினால் மீனும் தண்ணீருக்குப் போகட்டும்.

விடும்போது தலை ஓட்டத்தை எதிர்த்து இருக்கட்டும். முன்னும் பின்னுமாக ஆட்டாதீர்கள், செவுளில் தண்ணீர் தப்பான பக்கம் போகும். அதுவாக வாலடித்து உதறும்வரை பிடித்திருங்கள்.

விராலுக்கும் இதே சாமான்தான். வெளிக்காற்றை இழுக்கிற மீன் என்பதால் கரையில் நெடுநேரம் உயிரோடு கிடக்கும். அதைப் பார்த்து அலட்சியம் வேண்டாம், வழவழப்பு போனால் விராலுக்கும் கேடுதான். சிவந்த குஞ்சுக் கூட்டம் தெரிகிற இடத்தில் தூண்டிலே போடாதீர்கள், தாய் தகப்பன் காவலுக்கு நிற்கும். ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினால் மட்டும் திரும்ப விடாதீர்கள். வளர்க்கவே தடையுள்ள வெளிநாட்டு மீன், நம்மூர் மீன்களைத் தின்று பெருகும்.

மாயாற்றுப் பக்கம் புலிகள் காப்பகம், அங்கே தூண்டிலோடு போகக் கூடாது. அணைகளில் மீன்துறையிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். வீடு திரும்பியதும் வலையையும் விரிப்பையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். ரப்பர் வெயிலில் வெடிக்கும், ஈரத்தோடு இன்னொரு குளத்துக்குக் கொண்டுபோனால் நோயும் கூடவே போகும்.