விறகு பாய்லரை அடக்கிய ரிலே

எங்கள் வீட்டில் அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கு விறகு பாய்லர், கேஸ் பாய்லர் இரண்டும் சுடுநீர் தருகின்றன. அறைத் தெர்மோஸ்டாட் (அறையின் சூட்டைப் பார்த்து இயங்கும் சுவிட்ச்) போதும் என்றதும், ரேடியேட்டர்களுக்குச் சுடுநீரை விடும் மின்சார வால்வு மூடிக்கொள்ளும், பம்ப் நிற்கும். கேஸ் பாய்லர் அத்தோடு அணைந்துவிடும். விறகுக்கு அது தெரியுமா? அது பாட்டுக்கு எரியும். ஒருநாள் குழாய்க்குள் தடதடவென்று சத்தம், மீட்டரில் 95 டிகிரி.

பாய்லரிலிருந்து வெளியேறும் செம்புக் குழாயைத் தேய்த்துச் சுத்தம் செய்து, குழாயின் சூட்டைப் பார்த்து இயங்கும் குழாய்த் தெர்மோஸ்டாட் ஒன்றை இறுக்கிக் கட்டி 85 டிகிரியில் வைத்தேன். சூடு அதைத் தாண்டினால் வால்வு திறந்து, பம்ப் ஓடி, சூட்டை ரேடியேட்டர்களுக்குத் தள்ள வேண்டும். சரி என்று அதன் வயரை நேராக வால்வோடு இணைத்தேன். அங்கேதான் சொதப்பல். வால்வு திறந்ததும் அதற்குள் இருக்கும் சுவிட்ச் கேஸ் பாய்லரையும் கிளப்பிவிட்டது. எரிகிற நெருப்பில் எண்ணெய்!

அப்புறம் மெயினை அணைத்துவிட்டு, இரண்டு சேஞ்ச்ஓவர் கான்டாக்ட் (ஒரு வயரை விட்டு இன்னொன்றுக்கு மாறும் தொடுமுனை) உள்ள ரிலேயை, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சை, நடுவில் போட்டேன். குழாய்த் தெர்மோஸ்டாட்தான் அதை இயக்கும். ஒன்று, அறைத் தெர்மோஸ்டாட் லைனைப் பிரித்துவிட்டு வால்வுக்கு நேரடி மின்சாரம் தரும். பிரிக்காவிட்டால் கரண்ட் அந்த லைனில் பின்னோக்கி ஏறும். மற்றது கேஸ் பாய்லருக்கான வயரைத் துண்டிக்கும். பம்ப் மட்டும் ஓடும். குழாய்த் தெர்மோஸ்டாட்டை 60 டிகிரிக்குக் குறைத்துவைத்துச் சோதித்தேன், டக்கென்று வேலை செய்தது.

கரண்ட் போனால் ரிலேயும் பம்பும் உதவாது. அப்போது சுடுநீர் தானாகவே மேலேறிப் போக, வால்வே இல்லாத ரேடியேட்டர் ஒன்று மாடியில் இருக்கிறது. அதில் நான் கை வைக்கவில்லை.