பழைய மோட்டார் படகு வாங்கியவர்கள் நீரில் இறக்குமுன் செய்ய வேண்டிய சோதனை

பழைய அவுட்போர்டு எஞ்சின் (படகின் பின்புறம் வெளியே மாட்டும் எஞ்சின்) பொருத்திய படகை முதன்முறை நீரில் இறக்குவதற்கு முன், காற்றோட்டமான இடத்தில் புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, எஞ்சினின் அடிப்பகுதியை நீர் உறிஞ்சும் துளைகள் நன்கு மூழ்கும்படி ஒரு பெரிய நீர்த்தொட்டியில் இறக்கி, நியூட்ரலில் வைத்து ஓட்டிப் பாருங்கள். எஞ்சினின் பின்புறச் சிறு துளையிலிருந்து பென்சில் கனத்துக்கு நீர் இடைவிடாது பீய்ச்ச வேண்டும். குளிர்விக்கும் நீர் எஞ்சினுக்குள் ஏறுகிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

எஞ்சினைக் குளிர்விக்கும் நீரை மேலேற்றும் ரப்பர் இம்பெல்லர் (இதழ்கள் கொண்ட சிறு சக்கரம்), படகு மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் விறைத்து, அதன் இதழ்கள் வளைந்தபடியே நின்றுவிடக்கூடும். கரையில் தெரிந்துகொண்டால் மலிவான அந்த ரப்பர் பாகத்தை மாற்றுவதோடு செலவு முடியும். நடுக்கடலில் தெரிந்தால் எஞ்சினே சூடேறி இறுகிவிடலாம், துடுப்புதான் கதி. நீர் வராவிட்டால் உடனே அணைத்துவிட்டு, நீர் பீய்ச்ச வேண்டிய அந்தச் சிறு துளையில் உப்போ பூச்சிக்கூடோ அடைத்திருக்கிறதா என்று மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள். நீரின்றிச் சில நொடிகள்கூட ஓட்டக் கூடாது, ஏனெனில் நல்ல இம்பெல்லரும் அதிலேயே கருகிவிடலாம்.

காற்றால் குளிரும் எஞ்சின்களுக்கு இது பொருந்தாது. படகுக்குள்ளேயே பொருத்தப்பட்ட எஞ்சின்களுக்கான சோதனைமுறையும் வேறு.