பிக்கப் வண்டியில் ‘டக்’ சத்தமா? முதலில் ஜாயிண்ட் கிராஸைப் பாருங்கள்

கிளட்சை விடும்போதோ ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாற்றும்போதோ அடியில் ‘டக்’ என்று அடிக்கிறதா? பொலேரோ பிக்கப், தோஸ்த் மாதிரி பின்சக்கரம் இழுக்கும் வண்டிகளில் இது சகஜம். கிரவுன் பினியன் (பின் அச்சில் டிஃப்ரன்ஷியலுக்குள் இருக்கும் பற்சக்கரங்கள்) போய்விட்டது என்று உடனே பயப்பட வேண்டாம். முதலில் சந்தேகப்பட வேண்டியது ஜாயிண்ட் கிராஸை, அதாவது கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்டின் மூட்டில் இருக்கும் சிலுவை வடிவத் துண்டை. அதைக் கையாலேயே சோதித்துவிடலாம்.

லோடை இறக்கிவிட்டுச் சமதரையில் நிறுத்துங்கள். சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்து, எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் போடுங்கள். சைலன்சர் ஆறட்டும். வண்டியைத் தூக்கினால் ஸ்டாண்டு கட்டாயம். வெறும் ஜாக்கை நம்பி அடியில் போகவே கூடாது.

இனி ஜாயிண்டின் இருபக்க யோக்கையும் (கிராஸைத் தாங்கும் கவை) பிடித்து எதிரெதிராகத் திருகுங்கள். மேலும் கீழும் ஆட்டுங்கள். நல்ல ஜாயிண்டில் கைக்குப் பிளே (ஆட்டம்) தெரியாது. கிராஸின் முனைகளை மூடியிருக்கும் பேரிங் கப்பைச் சுற்றிச் செம்பழுப்புத் தூள் இருந்தால், உள்ளே கிரீஸ் வற்றி ஊசி பேரிங் துருப்பிடித்திருக்கிறது. அந்த நிலையில் கிரீஸ் அடிப்பது வீண். கிராஸை மாற்றத்தான் வேண்டும்.

ஜாயிண்ட் ஆடாமல் ஷாஃப்ட் மொத்தமும் லேசாகச் சுழன்று நிற்கிறதா? டிஃப்ரன்ஷியல் பற்களுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி இருக்கத்தான் வேண்டும், அது கோளாறு அல்ல. பிரேக் போட்டு வண்டி நின்றதும் ஒரு ‘டக்’ வந்தால் ஸ்லிப் யோக் ஸ்பிளைனுக்கு (ஷாஃப்ட் முன்பின் நகர வழிவிடும் பல்வரிசை) கிரீஸ் வையுங்கள். ஷாஃப்ட் இரண்டு துண்டாக இருந்தால் அதை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கின் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்றும், அப்புறம் பின் ஸ்பிரிங்கின் யூ போல்ட் தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கிராஸ் மாற்றுவதென்றால், கழற்றும் முன் ஷாஃப்டிலும் அது போல்ட்டால் சேரும் ஃபிளாஞ்சிலும் பெயிண்டால் ஒரே நேர்கோட்டில் குறி போடுங்கள். ஸ்லிப் யோக் வெளியே வருவதாக இருந்தால் அங்கேயும் ஒரு குறி வேண்டும். இதைத் தயவுசெய்து விடாதீர்கள். யோக்குகள் இடம் மாறி மாட்டினால் புது கிராஸ் போட்டும் வண்டி அதிரும்.

கப்பை இறக்கும்போது ஒரு ஊசி சரிந்து அடியில் படுத்துவிட்டால் கப் முழுதாக இறங்காது, கப்பை வெளியே வராமல் பிடிக்கும் லாக் தன் பள்ளத்தில் உட்காராது. அப்போது ஓங்கி அடிக்காதீர்கள். கப்பைக் கழற்றி, கிரீஸ் தடவி, ஊசிகளை ஒட்டி நிறுத்தி மறுபடி இறக்குங்கள். லாக் உட்கார்ந்ததும் ஜாயிண்டை எல்லாப் பக்கமும் மடக்கிப் பாருங்கள். எங்கேனும் பிடித்தால் யோக்கின் காதில் மெதுவாகத் தட்டினால் இளகும்.

குறி பார்த்து மாட்டி, போல்ட்களை மேனுவலில் உள்ள டார்க் அளவுக்கு இறுக்குங்கள். கிரீஸ் நிப்பிள் இருந்தால் நான்கு கப் சீலிலும் கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடியுங்கள்.