சால்ஸ்பர்க்: டீன் ஏஜ் பிள்ளைகளோடு 2 நாள்

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் 2 நாள்தான் தங்கல் என்றால், இசைமேதை மொசார்ட் பிறந்த வீட்டிலிருந்து தொடங்காதீர்கள். பிள்ளைகள் கால் மணி நேரத்தில் செல்போனைக் கையில் எடுத்துவிடுவார்கள். முதலில் ஹெல்ப்ரூன் அரண்மனை. ரயில் நிலையத்திலிருந்து 25ஆம் எண் பஸ் போகும். பேராயர் மார்கஸ் சிட்டிகஸ் 400 ஆண்டுகளுக்கு முன் விருந்தாளிகளைச் சீண்டவென்றே அமைத்த நீரூற்றுகள் அங்கே இருக்கின்றன. கல் மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் இருக்கைக்கு நடுவிலிருந்தே தண்ணீர் பீறிடும். பேராயரின் இருக்கை மட்டும் நனையாது. ‘இதெல்லாம் சின்னப் பசங்களுக்கு’ என்று முகம் சுளிக்கிற பிள்ளைதான் முதலில் போய் உட்காரும். பையில் ஒரு மாற்றுத்துணி இருக்கட்டும். குளிர்காலத்தில் நீரூற்றுகள் ஓடாது.

சுற்றுலாப் பயணிகளுக்கான சால்ஸ்பர்க் கார்டு 24, 48, 72 மணி நேரத்துக்குக் கிடைக்கும். ஹெல்ப்ரூன், ஊருக்கு மேலே மலையில் நிற்கும் கோட்டை, அதற்கு ஏறும் மலை ரயில், நகரப் பஸ் எல்லாம் அதில் அடக்கம். முதல் முறை பயன்படுத்தியதிலிருந்துதான் நேரம் ஓடும். அதனால் 24 மணி கார்டை முதல் நாள் 11 மணிக்குத் தொடங்கினால், மறுநாள் காலை 10 மணிக்குக் கோட்டையும் ஏறிவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் அடைப்பு. ரொட்டி, பழம், நொறுக்குத்தீனியைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். மறந்தால் ரயில் நிலையக் கடைதான் கதி.