டீஃபால்ட் செட்டிங்கில் ஓட்டை இருந்தால் யார் பொறுப்பு? வாங்கும்போதே முடிவு செய்வது எப்படி

புதிதாக ஒரு சாஃப்ட்வேரை நிறுவுகிறார்கள், கூடவே வந்த அட்மின் பாஸ்வேர்டை யாரும் மாற்றவில்லை, கொஞ்ச நாளில் எவனோ உள்ளே புகுந்துவிடுகிறான். விற்றவர் "மாற்றச் சொல்லி கையேட்டில் போட்டிருக்கிறோமே" என்பார், நிறுவியவர் "என்னிடம் யாரும் சொல்லவில்லை" என்பார், கடைசியில் பழி முழுக்க அங்கே வேலை பார்க்கும் சிஸ்டம் அட்மின் தலையில் விழும். இது அநியாயம். ஆனால் எல்லாம் நடந்து முடிந்த பிறகு சண்டை போட்டால் ஒன்றும் கிடைக்காது, வாங்குவதற்கு முன்பே எழுத்தில் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

டீஃபால்ட், அதாவது பொருளோடு கூடவே வரும் செட்டிங், தயாரிப்பாளர் எடுத்த முடிவு. வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் அதைத் தொடவே மாட்டார்கள் என்று தெரிந்துதான் எடுக்கிறார்கள். 2016ல் மிராய் என்ற மால்வேர் (தீங்கு செய்யும் நிரல்) கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது பெரிய வித்தை எதையும் காட்டி அல்ல, தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்பிய அறுபது சொச்சம் யூசர்நேம், பாஸ்வேர்டு ஜோடிகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். அந்த ஆண்டு அக்டோபர் 21ல் டைன் என்ற டிஎன்எஸ் (தளப் பெயரை இணைய முகவரியாக மாற்றித் தரும் சேவை) நிறுவனத்தை அப்படிப் பிடித்த கருவிகளை வைத்தே தாக்கி, ட்விட்டர் போன்ற பெரிய தளங்களைப் பல மணி நேரம் முடக்கினார்கள். அவற்றில் சில கருவிகளில் பாஸ்வேர்டு ஃபர்ம்வேருக்குள்ளேயே (கருவியை இயக்கும் உள் மென்பொருள்) பதிந்திருந்தது, வாங்கியவர் நினைத்தாலும் மாற்ற முடியாது.

மோங்கோடிபி என்ற டேட்டாபேஸ் சாஃப்ட்வேரின் கதையும் இப்படித்தான். அதன் பழைய பதிப்புகளைச் சில வழிகளில் நிறுவினால் பாஸ்வேர்டே கேட்காமல் வெளி நெட்வொர்க்குக்கும் பதில் சொல்லும். பூட்டுவது எப்படி என்று ஆவணத்தில் விளக்கம் இருந்தது, இருந்தும் 2017 ஜனவரியில் ஆயிரக்கணக்கான டேட்டாபேஸ்களை அழித்துவிட்டுப் பணம் கேட்டு மிரட்டினார்கள். அதே ஆண்டு கடைசியில் வந்த 3.6 பதிப்பு, நாமாகத் திறக்காதவரை அந்தக் கணினிக்குள் மட்டுமே பேசும்படி மாறியது. தயாரிப்பாளர் ஓர் இடத்தில் மாற்றினால் போதும், அதற்குப் பிறகு நிறுவுகிற எல்லோருக்கும் பாதுகாப்பு. அதனால்தான் முதல் பொறுப்பு அவர் மேல் என்று அடித்துச் சொல்கிறேன்.

சரி, ஒரு குறிப்பிட்ட சிக்கலில் பொறுப்பை எப்படிப் பிரிப்பது? அந்த செட்டிங்கை மாற்ற வழியே இல்லை என்றால் முழுப் பொறுப்பும் தயாரிப்பாளருடையது. வழி இருக்கிறது, ஆனால் மாற்றாமலேயே எல்லாம் ஓடியது, ஓர் எச்சரிக்கை கூட வரவில்லை என்றால் பெரும்பங்கு அவருடையது, நிறுவிக் கொடுத்தவருக்கும் பங்கு உண்டு. இறுக்கமாக வந்ததை வேலை சுலபமாகட்டும் என்று நீங்களே தளர்த்தியிருந்தால் அது உங்கள் கணக்கு, அதை வெண்டர் (விற்றவர்) மேல் போடாதீர்கள்.

விலை பேசும்போதே இவற்றை மின்னஞ்சலில் கேளுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே பாஸ்வேர்டா? நிறுவியவுடன் எந்தெந்த போர்ட் (நெட்வொர்க்கிலிருந்து உள்ளே வரும் வாசல்) திறந்திருக்கும்? யார் எப்போது என்ன செய்தார்கள் என்ற லாக் பதிவுக்கும் இரண்டடுக்கு உள்நுழைவுக்கும் தனிக் காசா? அப்டேட் போட்டால் நான் மாற்றிய செட்டிங் பழையபடி திரும்பிவிடுமா? கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை, ஆனால் ஒரு தடவை பூட்டினால் போதும் என்ற நம்பிக்கை உடைவது அங்கேதான்.

அப்புறம் லைசென்ஸ். பெரும்பாலான லைசென்ஸ்களில் "உள்ளது உள்ளபடி" தருகிறோம் என்றும், இழப்பீடு நீங்கள் கட்டிய தொகையைத் தாண்டாது என்றும் ஒரு பத்தி இருக்கும். அதை அப்படியே விட்டால் மேலே சொன்ன நியாயம் எதுவும் செல்லாது. பாதுகாப்பற்ற டீஃபால்ட்டால் வரும் இழப்புக்கு அந்த வரம்பு பொருந்தாது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். மறுத்தால், நிறுவிய அன்றே எல்லாவற்றையும் இறுக்கித் தர வேண்டும் என்பதையாவது ஒப்பந்தத்தில் வாங்கிவிடுங்கள்.

பேரம் பேச உங்களுக்குச் சட்டமும் துணை. கருவிகளுக்குப் பொதுவான டீஃபால்ட் பாஸ்வேர்டு கூடாது என்று கலிபோர்னியாவில் 2020 முதலும் பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதலும் சட்டம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டம் சாஃப்ட்வேரையும் சேர்த்துப் பிடிக்கிறது: பாதுகாப்பான டீஃபால்ட்டோடுதான் பொருள் சந்தைக்கு வர வேண்டும், முக்கிய விதிகள் 2027 டிசம்பர் 11 முதல் அமலாகும், அபராதம் ஒன்றரைக் கோடி யூரோ அல்லது உலக வருவாயில் 2.5 சதவீதம் வரை, எது அதிகமோ அது. உங்கள் வெண்டர் அங்கெல்லாம் விற்கிறாரா என்று பாருங்கள். விற்றால், அங்கே கொடுக்கும் அதே செட்டிங்கோடு எனக்கும் கொடு என்று கேட்பதில் தப்பே இல்லை.

நிறுவிய அன்று, எதையும் மாற்றுவதற்கு முன்னால், எந்தெந்த போர்ட் திறந்திருக்கிறது என்று காட்டும் போர்ட் ஸ்கேன் ஒன்றை எடுத்து, அட்மின் பக்கங்களின் ஸ்கிரீன்ஷாட்டோடு தேதி போட்டு வையுங்கள். மாற்றிய பிறகு இன்னொரு முறை. பொருள் எப்படி வந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஓட்டை எதுவும் கண்ணில் பட்டால் நீங்களே அடைத்துவிட்டு, வெண்டருக்கும் எழுதுங்கள். "அது அப்படித்தான் வடிவமைத்திருக்கிறோம்" என்று பதில் வந்தால் அந்த மின்னஞ்சலைப் பத்திரப்படுத்தி, லைசென்ஸ் புதுப்பிக்கும்போது மேஜையில் எடுத்து வையுங்கள்.