மைதா சேர்க்காத சாக்லேட் கேக்கும் ஸ்ட்ராபெர்ரி சாஸும்

மைதா சேர்க்காமல், சாக்லேட், வெண்ணெய், முட்டை, சர்க்கரை ஆகிய நான்கையே நம்பிச் செய்யப்படும் இந்தக் கேக் வழக்கமான கேக்கைப் போல உப்பி நிற்காது; அடர்த்தியாக, ஈரப்பதத்துடன், வாயில் வைத்ததும் கரையும். இவ்வளவு கனமான இனிப்புக்குப் புளிப்பான பழச் சாஸ் துணையாக இருந்தே ஆக வேண்டும். தட்டை அழகுபடுத்த நான்கு சொட்டு விட்டால் போதும் என்று நினைத்தால், இரண்டாவது வாய்க்கே திகட்டிவிடும்.

அடிப்பகுதி தனியாகக் கழலும் 20 செ.மீ. கேக் டின் ஒன்றுக்கு 200 கிராம் டார்க் சாக்லேட், 150 கிராம் உப்பில்லா வெண்ணெய், 150 கிராம் சர்க்கரை, 4 முட்டை, 2 மேசைக்கரண்டி கோகோ பவுடர், ஒரு சிட்டிகை உப்பு ஆகியவை தேவை. சாக்லேட் வாங்கும்போது மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். கோகோ அளவு 60 முதல் 70 சதவீதம் இருப்பது நல்லது. ‘காம்பவுண்ட்’ என்று விற்கப்படுவதில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு இருக்கும் என்பதால், உறையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் பொருள்பட்டியலைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். உடல் வெப்பத்திற்குச் சற்றுக் குறைவான சூட்டிலேயே உருகிவிடும் கோகோ வெண்ணெய்தான் நாவில் கரையும் அந்த வழவழப்பைத் தருகிறது.

முட்டைகளை முன்கூட்டியே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வைத்துவிட்டு, ஓவனை 170 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்குங்கள். டின்னில் வெண்ணெய் தடவி, அடியில் பட்டர் பேப்பரை வட்டமாக வெட்டிப் போடுங்கள். சிறு துண்டுகளாக நறுக்கிய சாக்லேட்டையும் வெண்ணெயையும் ஒரு கிண்ணத்தில் இட்டு, இலேசாகக் கொதிக்கும் நீருள்ள பாத்திரத்தின் மேல், கிண்ணத்தின் அடி நீரைத் தொடாதவாறு வைத்து உருக்குங்கள். கிண்ணமும் கரண்டியும் உலர்ந்திருக்க வேண்டும். உருகும் சாக்லேட்டில் ஓரிரு சொட்டு நீர் விழுந்தாலும், அதிலுள்ள சர்க்கரையும் கோகோத் துகள்களும் அந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டு, மொத்தமும் மணல்மணலாக இறுகிவிடும். முக்கால்வாசி உருகியதும் இறக்கிவிடலாம். மீதி அந்தச் சூட்டிலேயே உருகும். பிறகு உப்பையும் சலித்த கோகோ பவுடரையும் கலந்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆற விடுங்கள்.

இதில் பேக்கிங் பவுடர் கிடையாது. கேக் எழும்புவதற்கு முட்டையில் நாம் அடித்துச் சேர்க்கும் காற்றைத் தவிர வேறு வழி இல்லை. எனவே முட்டையையும் சர்க்கரையையும் எலக்ட்ரிக் பீட்டரால் ஐந்து முதல் எட்டு நிமிடம் வரை, மஞ்சள் நிறம் வெளிறி, கலவை ஏறத்தாழ மூன்று மடங்காகும் வரை அடிக்க வேண்டும். பீட்டரைத் தூக்கினால் வழியும் கலவை உடனே கரைந்து மறையாமல், மேற்பரப்பில் ஓரிரு நொடி கோடாகத் தங்குவதே சரியான பதம். இதில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துச் சாக்லேட்டில் நன்றாகவே கலக்கி அதை இளக்கிக்கொள்ளுங்கள். மீதியைச் சேர்க்கும்போது, ஸ்பேச்சுலாவை நடுவில் இறக்கி, அடியிலிருந்து வாரி மேலே மடித்து, வெண்கோடுகள் மறைந்ததும் நிறுத்திவிடுங்கள்.

கலவையை டின்னில் ஊற்றி, சுமார் 30 முதல் 35 நிமிடம் பேக் செய்ய வேண்டும். குத்திய குச்சி சுத்தமாக வர வேண்டும் என்ற வழக்கமான விதி இங்கே பொருந்தாது. அதுவரை காத்திருந்தால் கேக் வறண்டுவிடும். ஓரங்கள் உறுதியாகி, மேலே மெல்லிய ஓடு படிந்து, டின்னை அசைத்தால் நடுப்பகுதி மட்டும் சற்றே ஆடும் நிலையில் வெளியே எடுங்கள். ஆறும்போது நடுவில் அமிழ்ந்து, மேலே வெடிப்பு விடும். இந்தக் கேக்கின் இயல்பே அதுதான். முழுவதும் ஆறும்வரை டின்னிலிருந்து எடுக்க வேண்டாம்.

இடையில் சாஸைச் செய்து முடித்துவிடலாம். நறுக்கிய 250 கிராம் ஸ்ட்ராபெர்ரியையும் 3 மேசைக்கரண்டி சர்க்கரையையும் மிதமான தீயில் ஆறேழு நிமிடம் வேகவிட்டு, பழம் குழைந்ததும் மசித்து வடிகட்டுங்கள். சோளமாவு வேண்டாம், அது பளபளப்பையும் பழத்தின் மணத்தையும் மங்கச் செய்யும். சூடாக இருக்கும்போது நீர்த்துத் தெரிந்தாலும் ஆறியதும் ஓரளவு கெட்டியாகும் என்பதால், கரண்டியின் பின்புறம் மெலிதாகப் படியும் பதமே போதுமானது. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்த்துச் சுவைத்துப் பாருங்கள். தனியாகச் சுவைக்கும்போது சற்று அதிகமாகப் புளித்தால்தான் கேக்குடன் சேரும்போது சரியாக இருக்கும். ராஸ்பெர்ரியிலும் இப்படியே செய்யலாம். மாம்பழமானால் சர்க்கரையைப் பாதியாக்கி எலுமிச்சையைக் கூட்டுங்கள்.

வெந்நீரில் நனைத்துத் துடைத்த கத்தியால் மெல்லிய துண்டுகளாக வெட்டினால் பத்துப் பேருக்கு வரும். மீதியை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் வரை நன்றாக இருக்கும். குளிரில் கோகோ வெண்ணெய் இறுகிவிடும் என்பதால், பரிமாறுவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைத்து, கேக்கைத் தட்டில் வைத்த பிறகு சாஸை ஊற்றுங்கள்.